கோயில்பிள்ளையின் காவலாட்கள்

ஆவணி மாதத்தில் மழை விட்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டைப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் சர்ச் ஆராதனை முடிந்து வந்தவர்கள் ஊறிப்போன கம்பளிகளையும் துணிகளையும் வேலியில் விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எட்டாம் லைன் கடைசி வீட்டு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த கோயில்பிள்ளையின் வலது விலாவுக்குக் கீழேயிருந்து அவனுடைய காவலாட்கள் ஒவ்வொருவராக இறங்கி வெளியே வந்தார்கள். இறங்கும்போது விரல் அளவுதான் இருந்தார்கள். தரையில் கால் பட்டதும் ஆள் உயரமானார்கள். மலைப்பாதையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்த்துவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்கள். முப்பத்தேழு பேர். எல்லாருக்கும் கோயில்பிள்ளையின் முகம்தான், வயது மட்டும் வேறு வேறு. இருபது வயதில் அவன் எப்படி இருந்தானோ அப்படி ஒருவன் இருந்தான், எழுபது வயதில் எப்படி இருந்திருப்பானோ அப்படியும் ஒருவர் இருந்தார். எல்லாரும் சாம்பல் பூத்துப்போயிருந்தார்கள்.

பைப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், புருஷனைச் சுற்றி அவ்வளவு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு நீங்கள்லாம்?"

வயதில் மூத்தவர்தான் பதில் சொன்னார். "இவரோட ஆளுங்கதாம்மா. உள்ள காவலுக்கு இருந்தவங்க."

"இப்ப எதுக்கு வெளிய வந்தீங்க?"

"முடியலம்மா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறோம்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக வயிறு ஊதி, கைகால் சூம்பி, கொழுந்து மூட்டை தூக்க முடியாமல் வீட்டோடு கிடக்கிற கோயில்பிள்ளை கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டாங்களா? உள்ள கொஞ்சம் லேசா இருக்கு, புஷ்பம்" என்றான். அவள் உள்ளே போனாள். வீட்டிலிருந்த பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றி எல்லாருக்கும் சேர்த்து டீ போட்டாள். டம்ளரைப் பிடிக்க அவர்களுக்கு விரல் மடங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் டம்ளரை இடுக்கி, தலையைக் குனிந்து, கன்றுக்குட்டி குடிக்கிற மாதிரி குடித்தார்கள். குடித்து முடித்ததும் மூத்தவர் நடந்ததைச் சொன்னார்.

"முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்ன இந்த எஸ்டேட்டுல காலரா வந்துச்சே, அப்ப டிஸ்பென்சரி வாசல்ல பிள்ளைங்கள வரிசையா நிக்கவச்சு ஊசி போட்டாங்க. எல்லாருக்கும் ஒரே ஊசி. ஒரு பிள்ளைக்குப் போட்டுட்டு வெதுவெதுன்னு இருந்த தண்ணியில ஒரு முக்கு முக்கிட்டு அடுத்த பிள்ளைக்குப் போடுவாங்க. இவருக்கு அப்ப மூணு வயசு. அந்த ஊசி வழியா ஒருத்தன் உள்ள வந்துட்டான்."

"நீங்க பாக்கலையா?"

"நாங்களும் அப்ப சின்னப் பசங்கதானம்மா. அவன் நேரா ஈரலுக்குப் போயி, ஒரு ரூம்ல உக்காந்து, அந்த ரூம்காரன் சட்டையவே எடுத்துப் போட்டுக்கிட்டான். வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டோம். வெளியாளுன்னு தெரியறதுக்கே இருவது வருசம் ஆச்சு. அப்புறம் அடிக்க ஆரம்பிச்சோம். ரூம இடிச்சாத்தான் அவன் சாவான். ஒரு ரூம இடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த ரூம்ல இருப்பான். இடிச்ச எடம் திரும்பப் பழையபடி எழும்பாதும்மா, கல்லு மாதிரி எறுகிப்போயிரும். பதினெட்டு வருசமா இதே வேலைதான். பாதி வீடு கல்லாயிருச்சு. அவன் இன்னும் இருக்கான். எங்களுக்குத்தான் கை விட்டுப்போச்சு."

அவர் கையை நீட்டிக் காட்டினார். தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் சினிமாக் கொட்டகை இருட்டில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே கைதான்.

முதல் வாரம் பத்து மைல் தள்ளியிருக்கிற எஸ்டேட்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் வந்தவர்கள் குறைந்தார்கள். மூன்றாம் வாரம் கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போகிற பெண்கள் ஒருவர் காலையும் மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். சர்ச்சில் அவர்களுக்கென்று கடைசி இரண்டு பெஞ்சுகளை ஒதுக்கினார்கள். அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தபோது அவர்களுக்கும் இலை போட்டார்கள். சூப்பர்வைசர் வேலாயுதம், ஆள் பற்றாக்குறை என்று அவர்களைப் பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூட்டை தூக்கச் சொன்னார். அவர்கள் தூக்கிப் பார்த்தார்கள், மூட்டை கையிலிருந்து நழுவியது. திரும்பத் தூக்கினார்கள், திரும்ப நழுவியது. சாயங்காலம்வரை கோபமோ வெட்கமோ இல்லாமல் தூக்கித் தூக்கி நழுவவிட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் வேலாயுதம் அவர்களைக் கூப்பிடவில்லை.

அவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. காவல் சுற்றுவது. கொஞ்சம் இளைப்பாறியதும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, முதல் லைனிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போவார்கள். சில வீடுகளைத் தாண்டிப் போவார்கள். சில வீட்டு வாசலில் ஒருவர் மட்டும் நின்று, "இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அப்படியே வாசலில் உட்கார்ந்துகொள்வார். அவரால் வேறு ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

எந்தெந்த வாசலில் உட்கார்ந்தார்கள் என்று ஊர் சேர்த்துப் பார்த்தது. அந்தக் காலரா வருஷத்தில் டிஸ்பென்சரி வாசலில் நின்ற பிள்ளைகளின் வீடுகள் அவை, இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்ற பிள்ளைகளின் வீடுகள். அதுவரை ஈரல் வீங்கிச் செத்தவர்களையெல்லாம் சாராயத்தில் செத்தவர்கள் என்று சொல்லிவந்த எஸ்டேட்டில், ஒருநாளும் குடிக்காமல் செத்த செல்லையாவையும் பேறுகாலத்தில் மஞ்சளாகிச் செத்த பேச்சித்தாயையும் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒதுக்க ஆரம்பித்தார்கள்.

ஒதுக்குவதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. ஒரு நாள் டீக்கடையில் சில டம்ளர்கள் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் பைப்படியில் காவலாள் உட்காராத வீட்டுப் பெண்கள் முதலில் பிடிப்பது என்று ஆனது. டிஸ்பென்சரி நர்ஸ் லூர்து சிஸ்டர் லைன் லைனாகப் போய், "இது தண்ணியில பரவாது, டம்ளர்ல பரவாது, தொட்டா ஒட்டாது, ரத்தத்துல போகும், புருசன் பொண்டாட்டிக்குள்ள போகும், தாய்கிட்டருந்து பிள்ளைக்குப் போகும், அதுக்கும் தடுப்பூசி இருக்கு" என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டம்ளர்கள் தனியாகவே கவிழ்ந்திருந்தன. வேலாயுதம் வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்த நாலாம் நாள், அவருடைய மகளுக்குப் பூ வைத்துவிட்டுப் போன பொள்ளாச்சிச் சம்பந்திகள் ஆள் அனுப்பி வேண்டாமென்றார்கள். அந்தப் பெண் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள்.

மூன்றாம் லைனில் பாக்கியத்தாயின் வீடு. அவள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள், அந்த வரிசையில் நிற்காதவள். அவளுடைய மகன் டேனியலுக்குத்தான் தங்கபுஷ்பம் தன் ஒரே மகள் ஜெபராணியைக் கொடுத்திருந்தாள். ஜெபராணிக்கு அப்போது எட்டாம் மாதம். காவலாள் ஒருவர் அந்த வீட்டுச் சுவரில் காதை வைத்தார். பாக்கியத்தாயைத் தாண்டினார். டேனியலைத் தாண்டினார். ஜெபராணி படுத்திருந்த அறையின் சுவரருகே வந்ததும் நின்றுவிட்டார்.

அன்று மத்தியானமே ஜெபராணி ஒரு துணிப்பையோடு எட்டாம் லைனுக்கு வந்தாள். டேனியல் பின்னால் கொஞ்ச தூரம் வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போனான்.

தங்கபுஷ்பம் மகளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூத்தவரிடம் போய் நின்றாள். "இவளுக்கு எப்படி வந்துச்சு? இவ பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த ஊசி போட்ட கம்பவுண்டர் செத்துட்டாரு."

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு அந்த வரிசையில உங்கம்மா இடுப்புல ஒரு வயசுல நீங்க இருந்தீங்கம்மா. உங்ககிட்டயும் அவன் இருக்கான். உங்க ஆளுங்க கெட்டிக்காரங்க, அவன இன்னும் அடக்கி வச்சிருக்காங்க. பேறுகாலத்துல இந்தப் பொண்ணுக்குள்ள போயிட்டான். இவ ஆளுங்க அவனோட ஒண்ணா வளந்தவங்க. அவன் வெளியாளுன்னே அவங்களுக்கு இன்னும் தெரியாது."

தங்கபுஷ்பம் வீட்டுக்குள் போய் அரிசி களைய உட்கார்ந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்து வெகு நேரமாகியும் கையை எடுக்கவில்லை. ஜெபராணி வாசல்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குத் தெரியாதுல்லம்மா" என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்டாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

மறுநாள் லூர்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தாள். கோயில்பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கீழே டவுன் பெரியாஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்த மாத்திரையை ஜன்னலில் வைத்தாள். "தினம் ஒண்ணு. ஒரு நாள்கூட விடக்கூடாது. இது அவனக் கொல்லாது, பெருகவிடாம வைக்கும். அவன் பெருகலன்னா இவங்களும் ஓய்வெடுப்பாங்க. கல்லானது கல்லானதுதான், மிச்சத்தையாவது காப்பாத்தலாம்" என்றாள். பிறகு ஜெபராணியின் வயிற்றில் கை வைத்தாள். "இந்தப் பிள்ளைக்கு வழி இருக்கு தங்கபுஷ்பம். பொறந்த உடனே ரெண்டு தொடையிலயும் ரெண்டு ஊசி. ஒண்ணு, பிள்ளையோட ஆளுங்களுக்கு அவன் மூஞ்சியக் காட்டிக் கொடுக்கும். இன்னொண்ணு வேற யாரோ கொடுத்த ரத்தத்துலருந்து எடுத்தது, பிள்ளையோட ஆளுங்க வளர்றவரைக்கும் ஒத்தாசைக்குக் கூலிக் காவலாளுங்கள அனுப்பற மாதிரி. பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுரணும். ரெண்டாவது ஊசி நம்ம டிஸ்பென்சரியில கிடையாது. வலி எடுத்ததும் கீழ போயிரணும்."

கோயில்பிள்ளை பதினோரு நாள் மாத்திரை சாப்பிட்டான். பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து ஒரு தோசை தின்றான். அன்றைக்குத்தான் வேலாயுதம் இருபது ஆண்களோடு வாசலில் வந்து நின்றார்.

"கோயிலு, உன் ஆளுங்கள எழுப்பணும்" என்றார். "இந்த எஸ்டேட்டுல அவன் மூஞ்சி தெரிஞ்சவங்க இவங்க மட்டும்தான். ஒரு தடவ எழுந்து உனக்குள்ள இருக்கறவன முடிச்சாங்கன்னா, அப்புறம் எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறோம். எம்பொண்ணுக்கு இருவத்திரெண்டு வயசு. நான் என்ன, மாத்திரையத் தின்னுட்டு அவ கிழவியாகறதப் பாக்கணுமா?"

தங்கபுஷ்பம் குறுக்கே வந்தாள். "அண்ணே, இப்பத்தான் ஒரு தோச தின்னிருக்காரு. விட்டுருங்க."

மூத்தவரும் சொன்னார். "வேண்டாங்கய்யா. களச்சுப்போனதாலதான் இந்த அளவோட நிக்கறோம். எங்கள எழுப்பிட்டா எங்களுக்கு ஆள் தெரியாது. வீடுதான் தெரியும், இடிச்சுக்கிட்டே போவோம்."

எல்லாரும் கோயில்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் மகளின் வயிற்றைப் பார்த்தான், பைப்படிப் பக்கம் பார்த்தான், கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எழுப்பட்டும் புஷ்பம்" என்றான். "ஒருத்தன்கிட்டயாவது அவன் செத்தான்னு ஊர் பாத்துச்சுன்னா, நம்ம பிள்ளையத் திரும்ப வீட்டுல சேப்பாங்க."

"மாத்திர கேக்குதேங்க. உங்களுக்கே தெரியுதே."

"எத்தன வருசம் திங்கறது? எனக்குக் காத்திருக்கத் தெம்பு இல்ல."

மறுநாள் உச்சி வெயிலில் காவலாட்கள் முப்பத்தேழு பேரையும் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சுக்கும் மிளகும் கடும் சாராயமும் கலந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினார்கள். பறை அடித்தார்கள். ஃபேக்டரியில் தீப்பிடித்தால் மட்டும் ஊதுகிற சங்கை விடாமல் ஊதினார்கள். அதுவும் போதாமல் ஏசத் தொடங்கினார்கள். சோறு தின்ற சோம்பேறிகள் என்றார்கள், மூன்று வயதுப் பிள்ளையைக் காப்பாற்றத் துப்பில்லாதவர்கள் என்றார்கள், எங்கள் அப்பன்மார் செத்தது உங்களால்தான் என்றார்கள். வேலாயுதம் மூத்தவர் முன்னால் நின்று தன் மகளுக்கு எடுத்த நிச்சயப் புடவையை விரித்துக் காட்டினார். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு நேரத்தில், வரிசையின் கடைசியில் நின்ற இருபது வயதுக்காரனின் விரல்கள் மெல்ல மடங்கின. அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு. சாம்பல் நிறம் போய் முகம் முகமாகச் சிவந்தது. கடைசியாக மூத்தவரின் கையும் மடங்கியது. அவர் தங்கபுஷ்பத்தைத் தாண்டிப் போகும்போது அவளை யாரென்றே தெரியாதவர் மாதிரி போனார்.

கட்டிலில் கோயில்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தான். அவர்கள் ஒவ்வொருவராகச் சிறுத்து, வலது விலாவுக்குக் கீழே, வந்த வழியாகவே உள்ளே போனார்கள். கடைசி ஆளும் போனதும் ஊர் கை தட்டியது.

மூன்றாம் நாள் அவனுக்குக் கண் மஞ்சளானது. ஐந்தாம் நாள் உள்ளங்கால்வரை மஞ்சளானது. ஆறாம் நாள் அவன் தங்கபுஷ்பத்தை அம்மா என்று கூப்பிட்டான், டிஸ்பென்சரிக்குப் போக மாட்டேன் என்று மூன்று வயதுப் பிள்ளையாக அழுதான். லூர்து சிஸ்டர் எஸ்டேட் ஜீப்பில் அவனைக் கீழே கொண்டுபோகச் சொல்லி நின்றாள். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ரத்தமாக வாந்தியெடுத்தான். டவுனில் டாக்டர், ஈரலென்று சொல்ல உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்றார். ஒன்பதாம் நாள் காலையில் செத்தான்.

அடக்கத்துக்கு எஸ்டேட் முழுக்க வந்தது. காவலாள் உட்கார்ந்த வீட்டுக்காரர்களும் உட்காராத வீட்டுக்காரர்களும் அன்று ஒருநாள் மட்டும் கலந்து நின்றார்கள். வேலாயுதம் பெட்டியின் தலைமாட்டைத் தோளில் சுமந்தார். குழியை மூடியதும் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவனும் செத்துட்டான்லம்மா?" என்று கேட்டார்.

"செத்துட்டான்" என்றாள் அவள். "ரெண்டு பேரும்தான் செத்தாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வாரம் ஆள் பார்க்காத நேரத்தில் டிஸ்பென்சரிக்குப் போய் மகளுக்கும் தனக்கும் மாத்திரைக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று லூர்து சிஸ்டர் சொன்னாள். காவலாட்களைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. அவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான வாசல்களை வைத்து வீடுகளை அடையாளம் சொல்வது மட்டும் நிலைத்துவிட்டது. போஸ்ட்மேன்கூட அப்படித்தான் வீடு விசாரித்தார்.

அடக்கம் முடிந்த பதினாறாம் நாள், ஜெபராணிக்கு வலி எடுத்தது. தங்கபுஷ்பம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து வாடகைக்குக் கார் பிடித்தாள். பெண் குழந்தை, சாயங்காலம் நாலரை மணிக்குப் பிறந்தது. தாதி குழந்தையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தங்கபுஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ரெண்டு ஊசி, ரெண்டு தொடையிலயும், என்று சொன்னாள். இருக்கு, போடறோம் என்றார்கள். போட்டாயிற்று என்று காட்டும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. ஊசி ஒவ்வொன்றையும் அவள் கண் முன்னால்தான் உறையிலிருந்து பிரித்தார்கள். குழந்தை இரண்டு தடவை வீறிட்டது. தங்கபுஷ்பம் ஓர் அடி முன்னால் வந்தாள். பக்கத்தில் இருந்த தாதி, "ஊசின்னா பிள்ளைங்க அழத்தான் செய்யும், நீங்க உக்காருங்க" என்றாள்.

அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் டிஸ்பென்சரியில் போட்டார்கள். ஒரு வருஷம் போனது. தாயும் மகளும் ஆளுக்கொரு மாத்திரை விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போனார்கள், குழந்தையைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டார்கள். காப்பக ஆயா அதை மற்றப் பிள்ளைகளிலிருந்து நாலடி தள்ளிப் படுக்கவைத்தாள். டேனியல் ஒரு தடவை வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். குழந்தைக்கு அவனுடைய மூக்கு.

வருஷம் முடிந்து குழந்தைக்கு ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு எழுதிய தாள் வந்தது. லூர்து சிஸ்டர் அதைத் தானே கையில் கொண்டுவந்து ஜெபராணியிடம் கொடுத்து, அவளுடைய தலையில் கையை வைத்தாள். "இல்ல. பிள்ளைகிட்ட இல்ல. இனிமே வரவும் வராது" என்றாள். தங்கபுஷ்பத்துக்குப் புருஷன் செத்ததற்கு வராத அழுகை அப்போது வந்தது.

தாள் வந்த செய்தி லைன்களில் எப்படியோ பரவிவிட்டது, என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் பரவவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தாய் புதுச் சேலை கட்டி, கையில் ஒரு வெள்ளி அரைஞாணோடு எட்டாம் லைனுக்கு வந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வந்தவள் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"டேனியலுக்கு வேற எடம் பாத்திருக்கோம்" என்றாள், ஒளிவுமறைவில்லாமல். "உன்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, உன் தலவிதி அப்படி. ஆனா பிள்ள எங்க ரத்தம். அதுகிட்ட அவன் இல்லன்னா நான் கொண்டுபோய் நல்லபடியா வளக்கறேன். உன்கிட்ட இருந்தா அதையும்தான ஒதுக்குவாங்க? நீயே யோசி. தாள்ல என்ன வந்திருக்கு?"

ஜெபராணி குழந்தையை மடியில் வைத்துப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தாள் அவளுக்குப் பின்னால் பைபிளுக்குள் இருந்தது. கையிலிருந்த கவளத்தை ஊட்டி முடித்து, குழந்தையின் உதட்டைத் துடைத்தாள்.

"இருக்குன்னு வந்திருக்கு, அத்தே" என்றாள்.

பாக்கியத்தாய் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மகளைப் பெற்றபோது அவள் அறியாமல் கொடுத்ததை, மகள் இப்போது அறிந்தே தன் பிள்ளைக்குப் பெயரளவில் கொடுக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. இந்தக் குழந்தை இனி எந்த டம்ளரில் குடிக்கும், பள்ளிக்கூடத்தில் எங்கே உட்காரும், யார் வந்து பூ வைப்பார்கள் என்றெல்லாம் ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது. ஒரு சொல் சொன்னால் போதும். மகள் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மதினி" என்றாள் தங்கபுஷ்பம். "இருக்கு."

குழந்தை பாக்கியத்தாயின் கையிலிருந்த அரைஞாணைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டித் தவழ்ந்து வாசல்படிவரை போனது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டு, கர்த்தர் பார்த்துக்குவார் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். ஜெபராணி எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.